மாஸ்டரின் கோணல் கோடு

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொன்ன புண்ணியவான் வெடியின் நெஞ்சைப் பார்த்ததில்லை. அது குறுகுறுக்கவில்லை, தையற்கூடத்தின் படிக்கட்டில் ஏறும்போது தடதடவென்று அடித்துக்கொண்டது. மேலே மெஷின் சத்தமே இல்லை. வேலை நாளில் ஒரு சட்டைத் தையற்கூடம் இத்தனை அமைதியாக இருந்தால், உள்ளே எல்லாரும் சேர்ந்து ஒருத்தரைப் பற்றிக் கிசுகிசுக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒருத்தரை அந்தக் கதிக்கு ஆளாக்கியது தன் வாய்தான் என்று வெடிக்குத் தெரியும். கூடவே ஏறிக்கொண்டிருந்த பாஸுக்கும் தெரியும். அவர் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வெடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. இழவு வீட்டில்கூட ஒரு ஜோக்கை வெடித்துவிட்டுத்தான் உட்காருவான் என்பதால் சுற்றியிருந்தவர்கள் கொடுத்த பட்டம். பாஸ் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். தீப்பிடித்த கடை, கவிழ்ந்த லாரி என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நேரில் போய்ப் பார்த்துப் பொய்யையும் மெய்யையும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டபின் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு வெடி. அவருக்கு இருப்பது ஒரே கொள்கை. வாய் சொல்வதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், கை என்ன செய்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நடந்தது இதுதான். இந்தக் கூடத்தின் கட்டிங் மாஸ்டர் வெடிக்குத் தாய்மாமன். அடுக்கி விரித்த துணியின்மேல் சாக்கட்டியால் கோடு போட்டு அவர் மின்சாரக் கத்தியை ஓட்டினாரென்றால், மேல் துணிக்கும் அடித் துணிக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. அப்பேர்ப்பட்ட கை சில நாட்களாக நடுங்கியது. தூக்கம் போயிற்று. சின்னச் சத்தத்துக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் கத்தி கட்டைவிரலில் இறங்கி, மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜைமேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் விரலைத் தைத்துவிட்டார்கள். இதயத்தின் ஓட்டத்தைத்தான் அடக்க முடியவில்லை. உடம்பைத் தூண்டிவிடுகிற ஏதோ ஒன்று அளவுக்கு மீறி உள்ளே இருக்கிற மாதிரி தெரிகிறது, என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று டாக்டர் விசாரித்தார்.

அங்கேதான் வெடி வாயைத் திறந்தான்.

"மாமா கூடத்துல காஜாக்கா போடற காபிதான் டாக்டர். அதைக் குடிச்சா செத்தவனே எழுந்து உட்காருவான். போன வாரம் மாமா அவங்களைத் திட்டினாரு. வட்டியும் முதலுமா கலந்து ஊத்திட்டாங்க போல."

மாமா பிழைப்பாரா என்ற பயத்தை மறைக்கச் சொன்ன ஜோக். பக்கத்தில் நின்ற அத்தை சிரிக்கவில்லை. அத்தைக்குப் பின்னால் பழப்பையோடு நின்ற கூடத்து முதலாளியும் சிரிக்கவில்லை. அவர் அந்தப் பையை வெடியின் கையில் திணித்துவிட்டு நேராகக் கூடத்துக்குப் போய், காபி கெட்டிலைத் தன் அறையில் வைத்துப் பூட்டினார். காஜாக்காவை மெஷினைவிட்டு எழுந்திருக்கச் சொன்னார். விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள். நான் சும்மாதான் சொன்னேன் என்று வெடி எத்தனையோ தடவை போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டான். சும்மா சொல்லுகிறவன் அவர்களுக்குள் நடந்த சண்டையை ஏன் சொன்னாய் என்று முதலாளி திருப்பிக் கேட்டார். இன்று சாயங்காலத்துக்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால் போலீஸுக்குச் சொல்லிவிடுவேன் என்று முதலாளி முடித்துவிட்டார். அதனால்தான் வெடி பாஸின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அழைத்து வந்திருந்தான்.

கூடத்தின் கடைசியில், இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியில் காஜாக்கா உட்கார்ந்திருந்தார். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்குக் காஜா என்று பேர். அதற்கு ஓரம் தைப்பது அவர் வேலை, அதுவே பெயராகிவிட்டது. மடியில் ஒரு துணிப்பை. வேலையை விட்டு அனுப்பினால் எடுத்துக்கொண்டு போகத் தயாராகக் கத்திரிக்கோலையும் கண்ணாடியையும் அதில் போட்டு வைத்திருந்தார். அவரைச் சுற்றி நாலு மெஷின் காலியாக இருந்தது. அங்கே உட்கார வேண்டியவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் நகர்ந்து நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். வெடியைப் பார்த்ததும் காஜாக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்தார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

முதலாளி பெரிய மரியாதையோடு கெட்டிலைக் கொண்டுவந்து பாஸ் முன்னால் வைத்தார். பாஸ் மூடியைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார், மூடினார். காபி வாசனைதான் வருகிறது என்றார். ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பலாமா என்று முதலாளி கேட்டார். அனுப்பலாம், கூடவே உங்களையும் அனுப்ப வேண்டியிருக்கும், இதிலிருந்துதானே நீங்களும் குடித்தீர்கள் என்றார் பாஸ். முதலாளி தன்னையறியாமல் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"கெட்டில்ல கலக்காம, மாஸ்டர் கிளாஸ்ல மட்டும் கலந்திருக்கலாமில்ல?" என்று அவர் கேட்டார்.

பாஸ் காஜாக்கா பக்கம் திரும்பினார். தினமும் காபி எப்படிக் கொடுப்பீர்களோ அப்படியே இப்போது கொடுத்துக் காட்டுங்கள் என்று காஜாக்காவைக் கேட்டுக்கொண்டார். வெறும் தண்ணீரே போதும் என்றார். காஜாக்கா எழுந்தார். கிளாஸ்களைத் தட்டில் அடுக்கி, வரிசையாக ஊற்றி, முதல் மெஷினில் இருந்த பெண்ணிடம் தட்டைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். தட்டு மெஷின் மெஷினாகக் கை மாறிப் போயிற்று. ஒவ்வொருவரும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கட்டிங் மேஜைக்கு வந்தபோது தட்டில் ஒரே ஒரு கிளாஸ் மிச்சம் இருந்தது. அதுதான் மாஸ்டருடையது. எந்தக் கிளாஸ் மிஞ்சும் என்று ஊற்றியவருக்குத் தெரியாது, எடுத்தவர்களுக்கும் தெரியாது.

"பாஸ், இது காபி இல்ல, குலுக்கல் சீட்டு" என்றான் வெடி. பழக்க தோஷம், வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. காஜாக்கா கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முதலாளி கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனாலும் விடவில்லை. கிளாஸில் கலக்கவில்லை, சரி, மாஸ்டர் படுத்தது உண்மைதானே, அவர் மட்டும் ஏன் படுத்தார் என்றார். நியாயமான கேள்விதான். பாஸ் கட்டிங் மேஜைப் பக்கம் நடந்தார்.

மேஜைக்கு அடியில் வெட்டிய துணிக் கட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. தைப்பவர்கள் முந்தைய ஆர்டரிலேயே இருந்ததாலும், அப்புறம் வேலை நின்றுபோனதாலும் ஒரு கட்டும் தைக்கப் போகவில்லை. முதலில் வெட்டியது நீலம், அடுத்த நாள் சாம்பல் கட்டம், அதற்கடுத்த நாள் வெள்ளை, அப்புறம் பச்சை என்று முதலாளி காட்டினார். ஒரு நாளைக்கு ஒரு துணிதான் அங்கே வழக்கம். காலையில் கட்டியது அடியிலும் சாயங்காலம் கட்டியது மேலும் இருக்கும். ஒவ்வொரு கட்டிலும் மேலாக இருக்கிற துண்டில், பாக்கெட் எங்கே வர வேண்டும் என்று மாஸ்டர் தன் கையால் ஒரு கோடு இழுப்பார். அதை வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

பாஸ் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வயதில் இவர் ஏன் தரையில் உட்காருகிறார் என்று முதலாளி நாற்காலியைத் தேடினார். பாஸ் கவனிக்கவேயில்லை. கட்டுகளைப் பிரித்து மேல் துண்டுகளை மட்டும் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினார். வெடியைக் கூப்பிட்டு என்ன தெரிகிறது என்றார்.

நீலத் துணியில் கோடு நூல் பிடித்தது போல இருந்தது. மாமாவின் கோடு அப்படித்தான் இருக்கும். சாம்பலில் காலைக் கோடு நேராக இருந்தது, சாயங்காலக் கோட்டில் லேசாக அலை. வெள்ளையிலும் பச்சையிலும் போகப் போக மோசம். பச்சையின் கடைசித் துண்டில் கோடு என்று சொல்வதற்கே இல்லை. நடுங்கிய கை இழுத்த கிறுக்கல்தான் இருந்தது. வெடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்தக் கைதான் அவன் பள்ளிக்கூடத்துச் சட்டையெல்லாம் வெட்டிக் கொடுத்தது.

"நடுங்கியிருக்கு பாஸ். அதான் தெரியுமே" என்றான்.

"சாம்பல்ல சாயங்காலம் போட்ட கோட்டையும் வெள்ளையில காலையில போட்ட கோட்டையும் பக்கத்துல வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே அலை. வெள்ளையின் சாயங்காலத்தையும் பச்சையின் காலையையும் வைத்தார் பாஸ். அதுவும் அப்படியே.

அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. ஒருத்தர் காபியில் எதையோ கலந்தால் குடித்தபின் கை நடுங்கும், வீட்டுக்குப் போய் ராத்திரி கழிந்தால் அடங்கும், காலையில் கோடு நேராக வரும். இங்கே அடங்கவேயில்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்றைய நடுக்கம் ஆரம்பிக்கிறது. புதிதாக எதுவும் கலந்தது போலத் தெரியவில்லை. வழக்கமாக உள்ளே போகிற ஏதோ ஒன்று வெளியே போகாமல் நாளுக்கு நாள் தேங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

பாஸ் எழுந்து புடவையில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டு, காஜாக்காவிடம் போய் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார். அந்த நாட்களில் மாஸ்டர் வழக்கத்துக்கு மாறாக என்ன செய்தார்? காஜாக்கா கொஞ்சம் தயங்கினார். சொல்லக் கூச்சப்பட்ட மாதிரி இருந்தது.

"அடிக்கடி பின்பக்கம் போயிட்டு வந்தாரும்மா. போயிட்டு வரும்போதெல்லாம் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே வருவாரு. நின்னுக்கிட்டே பாக்கற வேலை, தண்ணி குடிக்க மாட்டாரு. நீர்க்கடுப்பா இருக்கும்னு நெனச்சேன். ஆம்பளை கிட்ட நான் எப்படிக் கேக்கறது? ஒரு சொம்புல தண்ணி கொண்டுபோய் மேஜை மேல வச்சேன். ரெண்டு நாள்ல சரியாயிட்ட மாதிரிதான் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்த நடுக்கம்."

அவர் சொல்லி முடித்தபோது வெடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். கீழே தெருவில் ஒரு வண்டிக்காரர் பஞ்சு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சிக்கு நாலு ஜோக் சொல்லியிருப்பான். ஒன்றுகூட வரவில்லை. மாமாவுக்கு நீர்க்கடுப்பு என்பது அவனுக்குத் தெரியும். அது தெரிந்த ஒரே ஆள் அவன்தான். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், அது வேறு, இது வேறு என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். பாஸ் அவன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அத்தைக்குப் போன் போடச் சொன்னார்.

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து பொரிந்து தள்ளினாள். அந்தப் பாவி ஊற்றிய விஷம் இன்னும் இறங்கவேயில்லையாம். நெஞ்சு இன்னும் படபடக்கிறதாம். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லையாம். பாஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் இப்போது என்ன சாப்பிடுகிறார் என்றார். ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான், ஆனால் அங்கே கொடுக்கிற காபி வாயில் வைக்க விளங்காது, அதனால் வீட்டிலிருந்து தன் கையாலேயே போட்டு ஃப்ளாஸ்கில் கொண்டுவந்து வேளாவேளைக்குக் கொடுப்பதாக அத்தை சொன்னாள். காபி இல்லாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாதே என்றாள்.

பாஸ் போனை வைத்துவிட்டு முதலாளியிடம், காஜாக்கா கெட்டிலைத் தொட்டே நாளாகிவிட்டது, இன்னும் அவர் படபடப்பு நிற்கவில்லை, இந்த ஒன்றை மட்டும் நான் வரும் வரை யோசித்துக்கொண்டிருங்கள் என்றார். வெடியின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

தெரு முனையில் ஒரு மருந்துக்கடை. பாஸ் அதை நோக்கி நடக்கவும், வெடி அடுத்த தெருவில் இதைவிடப் பெரிய கடை இருக்கிறது, அங்கே போகலாம் என்றான். எனக்கு வேண்டியது சின்னக் கேள்விதான், சின்னக் கடை போதும் என்று பாஸ் படியேறிவிட்டார். வேறு வழியில்லாமல் அவனும் பின்னால் போனான். ஒரு தூணுக்குப் பக்கமாக, பாதி மறைவில் நின்றுகொண்டான்.

மருந்துக்கடைக்காரர் மருந்தியல் படித்துவிட்டு வந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிற மனிதர். பாஸ் சுற்றி வளைக்காமல் கேட்டார். ஒருத்தர் வருஷக்கணக்காகக் காபி குடிக்கிறவர். இத்தனை நாள் குடித்த அதே காபி திடீரென்று உடம்பை விட்டு வெளியே போக மாட்டேன் என்கிறது. வழியை எது அடைத்திருக்கும்?

கடைக்காரர் உடனே கேட்டார்: "ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிடறாரா?"

அப்புறம் அவர் விளக்கினார். காபியில் இருக்கிற கஃபீனைக் கல்லீரலில் உள்ள ஒரு என்சைம்தான் உடைத்து வெளியே அனுப்புகிறது. சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள் உள்ளே போனால் அந்த என்சைமை வேலை செய்ய விடாது. எல்லா ஆன்டிபயாடிக்கும் இல்லை, ஒரு வகையில் சிலது மட்டும்தான். குடித்த காபி உடம்பிலேயே நின்றுவிடும், அது போவதற்குள் அடுத்த கிளாஸ் வந்து சேர்ந்துவிடும். கொஞ்சமாகக் குடிக்கிறவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. நிறையக் குடிக்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும். நீர்க்கடுப்புக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற மாத்திரையில் அப்படி ஒன்று உண்டு. அதைக் கொடுக்கும்போது, முடியும் வரை காபியை விட்டுவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுப்பதாகச் சொன்னார்.

சொல்லிக்கொண்டே தலையைச் சாய்த்துத் தூணுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஏன், இந்தத் தம்பிக்கே கொடுத்தேனே. காபியை நிறுத்திடுங்கன்னு சொன்னேன். நான் காபியே குடிக்கறதில்ல சார், என்னைப் பெத்தவங்க அவ்வளவு நல்லா வளத்திருக்காங்கன்னு சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே போனாரு. ஞாபகம் இருக்கா தம்பி?"

வெடிக்கு ஞாபகம் இருந்தது. எல்லாமே ஞாபகம் இருந்தது. தனக்கு வந்த எரிச்சல் பாதி மாத்திரையிலேயே நின்றது. மீதியை மேஜை டிராயரில் போட்டு வைத்தான். அப்புறம் ஒரு நாள் மாமா அவனைத் தனியாக அழைத்து, அத்தைக்குத் தெரிய வேண்டாம், டாக்டரிடம் போகவும் வெட்கமாக இருக்கிறது என்று முனகினார். வெடி தோளில் தட்டிக்கொடுத்து, நம்மிடமே சரக்கு இருக்கிறது மாமா என்று அந்த அட்டையைக் கொடுத்தான். மாத்திரையைக் கொடுத்தவன் அதோடு வந்த எச்சரிக்கையைக் கொடுக்கவில்லை. தான் காபி குடிக்காததால் அது அவன் நினைவிலேயே தங்கவில்லை. மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, அத்தை பக்கத்தில் நின்றதால் மாமா இல்லையென்று தலையாட்டினார். அதையும், அட்டையை அவர் தலையணைக்கு அடியில் செருகியதையும் வெடி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நல்லவேளை, மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார் என்றுகூட நினைத்தான்.

பாஸ் அவன் பக்கம் திரும்பினார். "ஜன்னல் பக்கம் போய் நின்னியே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"நீர்க்கடுப்பு தெரியும் பாஸ். மாத்திரை கொடுத்ததும் தெரியும். இது ரெண்டுக்கும் முடிச்சு இருக்கும்னு தெரியாது. சத்தியமா தெரியாது." அவன் தூணைவிட்டு வெளியே வந்தான். "சொல்லியிருக்கணும். சம்பந்தம் இருந்துடுமோன்னு பயந்துதான் சொல்லல."

முதலில் போனை எடு என்றார் பாஸ். அத்தை எடுத்தாள். இப்போதுதான் ஃப்ளாஸ்கைத் திறந்து ஊற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"அத்தை, ஊத்தாதீங்க. கீழ வச்சுடுங்க. மாமாவோட தலகாணிக்கு அடியில ஒரு மாத்திரை அட்டை இருக்கும். நான் கொடுத்தது. அதை நர்ஸ்கிட்ட கொடுத்து, இதைச் சாப்பிட்டுக்கிட்டே காபியும் குடிச்சாருன்னு சொல்லுங்க. இப்பவே."

அத்தை போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனாள். யாரோ ஓடுவதும், கட்டில் நகர்வதும், நர்ஸின் குரலும் கேட்டன. அப்புறம் அத்தை திரும்ப வந்தாள். டாக்டர் அட்டையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். இரண்டையும் நிறுத்திவிட்டோம், நீர்க்கடுப்புக்கு வேறு மருந்து தருகிறேன், உள்ளே இருப்பது மெள்ள மெள்ளப் போய்விடும், மனிதர் தேறிவிடுவார் என்று சொன்னாராம். அத்தை அழுதாள். காஜாக்காவை வாயில் வந்தபடியெல்லாம் சபித்தேனே, கடைசியில் என் கையாலேயே அல்லவா ஊற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று அழுதாள். வெடியை ஒரு வார்த்தை திட்டவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் தன்மேல்தான் என்று வெடிக்குத் தெரிந்துவிட்டது. கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பாஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைத் தானே சொல்லிவிட முடியும் என்றார். மாஸ்டர் ஏதோ மாத்திரை சாப்பிட்டார், அது காபியோடு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் விஷயம். யார் கொடுத்தது என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. காஜாக்கா தப்பித்துவிடுவார், அதற்குத்தானே வந்தோம். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யலாம் என்று சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

வெடிக்கு ஆசையாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? அந்தக் கூடத்தில் அவனைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அத்தை சொல்ல மாட்டாள், மாமா உயிர் போனாலும் சொல்ல மாட்டார். பேசாமல் பாஸ் பின்னால் போய் நின்றால் போதும். அப்படி நின்றால் அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பவரை இனி எந்தக் கண்ணால் பார்ப்பது என்றுதான் புரியவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். நானே சொல்கிறேன் பாஸ் என்றான்.

கூடத்தில் எல்லாரும் அதே இடத்தில் இருந்தார்கள். பாஸ் துணித் துண்டுகளைக் காட்டி, மாத்திரையையும் காபியையும் பற்றி எல்லாருக்கும் புரியும்படி விளக்கினார். காபியில் ஒன்றும் இல்லை, இத்தனை வருஷமாக எது இருந்ததோ அதுதான் இருந்தது என்றார். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த மாத்திரை மாஸ்டருக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. பாஸ் சொன்னபடியே யாரும் கேட்கவில்லை.

"நான் கொடுத்தேன்" என்றான் வெடி.

ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தான், முடியவில்லை. தன் மிச்ச மாத்திரை என்றும், காபி கூடாதென்று கடைக்காரர் சொன்னதைச் சொல்லாமல் விட்டதையும், அதை மறைத்ததையும் வரிசையாகச் சொன்னான். ஆஸ்பத்திரியில் தான் அடித்தது ஜோக் என்றும், காஜாக்காவுக்கும் மாமாவுக்கும் நடந்தது சண்டையே இல்லை, காஜா கொஞ்சம் தள்ளி விழுந்ததற்கு மாமா சொன்ன இரண்டு வார்த்தை என்றும் சொன்னான்.  நகர்ந்து போய் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள் குனிந்து தங்கள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து வந்து தன் பழைய இடத்தில், காஜாக்காவுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தாள்.

வெடி காஜாக்கா முன்னால் போய் நின்றான். "மாத்திரை கொடுத்தது என் தப்புக்கா. உங்களை இப்படி உட்கார வச்சதும் நான்தான். மன்னிச்சுடுங்க."

காஜாக்கா மடியிலிருந்த பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. 

"மாத்திரையை விடு தம்பி. மாமா கஷ்டப்படறாரேன்னு தெரியாமக் கொடுத்துட்டே. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நான் கலந்து ஊத்தினேன்னு சொன்னியே, அது பொய்னு சொல்லும்போதே உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான சொன்னே?"

  அவன் தலை குனிந்தான். பாஸ் படிக்கட்டுப் பக்கம் போய் நின்று காத்திருந்தார்.

முதலாளி நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். நடந்தது நடந்துவிட்டது, எல்லாரும் பழையபடி வேலையைப் பாருங்கள் என்றார். கெட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு வந்து காஜாக்காவிடம் நீட்டி, எல்லாருக்கும் ஒரு காபி போடுங்கள், எனக்கும்தான் என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

காஜாக்கா அதை வாங்கவில்லை. தன் மெஷினுக்குப் போய் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, ஊசியில் நூல் கோத்தார்.

"காபி இனிமே வேற யாராவது போடட்டும் சார். எனக்குக் காஜா வேலை கிடக்கு."